ஏழு பத்து வேன்

வீடு மாறுவது ஒரு காரியமா, சாமான் சட்டியை ஏற்றினோமா இறக்கினோமா என்று பேசுகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளை இருக்காது. வைஜெயந்திக்கு இருந்தது. இலக்கியா என்று பெயர். ஆறு வயது. கிளியனூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் யூகேஜி முடித்துவிட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியவள், மரக்காணத்தில் எல்லாப் பள்ளிக்கூடமும் திறந்து இரண்டு நாள் ஆகியும் உப்பளத்து நடுவே மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து நத்தை ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சித்திரைக் கடைசியில்தான் இங்கே வந்தார்கள். கிளியனூரில் புருஷன் ஜெயசீலன் ஓட்டிக்கொண்டிருந்த லோடு ஆட்டோவை அதன் ஓனர் சொல்லாமல் கொள்ளாமல் விற்றுவிட்டார். மரக்காணம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த ஜெயசீலனின் அக்கா சூர்யகலா சொல்லி இந்த வேலை கிடைத்தது. உப்பளத்துக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பக்கத்திலேயே வாடகையில்லாமல் ஒரு வீடு. வீடு சும்மா வருமா? புருஷனும் பெண்சாதியும் ஜோடியாகப் பாத்தியில் இறங்க வேண்டும். அந்த உப்பளத்தில் எல்லாமே ஜோடிக் கணக்குதான். ஆண் பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குவான், பெண் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவாள். ஒருத்தர் வரவில்லை என்றால் மற்றவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அரை ஜோடிக்கு அங்கே பாத்தி கிடையாது. விடியற்காலை நாலு மணிக்கு இறங்கினால், வெயில் தாங்காமல் பதினொரு மணிக்குத்தான் கரையேறுவார்கள்.

பக்கத்தில் இரண்டு பள்ளிக்கூடம். ஒன்று, ரோட்டு மேல் இருக்கிற பிரைவேட். நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் அதற்கு உண்டு, ஊரில் யாருக்கும் அது வாயில் நுழையாது, மஞ்ச வேன் ஸ்கூல் என்றால்தான் தெரியும். இன்னொன்று உப்பளத்தின் மேற்கு ஓரத்தில், வரப்போடு நடந்தால் பத்து நிமிஷத்தில் போய்விடுகிற அரசுத் தொடக்கப் பள்ளி.

வைஜெயந்தி மஞ்ச வேன் கட்சி. பன்னிரண்டு வருஷமும் கவர்மெண்ட் பள்ளியில் படித்தவள் அவள், பிளஸ் டூவில் எண்ணூற்றுச் சொச்சம் மார்க் வாங்கியவள். பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலைக்கு எடுத்தார்கள். முதல் நாளே ஒரு வெளிநாட்டம்மா வந்து எதையோ கேட்டாள். ரூமில் சுடுதண்ணீர் வரவில்லை என்கிறாள் என்பது வைஜெயந்திக்கு நன்றாகப் புரிந்தது. பதில்தான் வரவில்லை. அந்தம்மா இரண்டு தரம் கேட்டாள், மூன்று தரம் கேட்டாள், இவள் சிரித்துக்கொண்டே நின்றாள். மறுநாள் கையில் துடைப்பத்தைக் கொடுத்து ரூம் கூட்டச் சொன்னார்கள். பத்து வருஷம் ஆகிறது, இன்னும் நினைத்தால் வயிறு எரிகிறது. தன் பெண் ஒருநாளும் அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

யோசனை சொல்ல மட்டும் ஆளுக்குக் குறைவில்லை. சூர்யகலா தன் பையனுக்குச் சின்னதாகிப் போன கறுப்பு ஷூவை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மஞ்ச வேன்லயே சேத்துடு வைஜெயந்தி. எம்புள்ள ரைம்ஸ் சொல்றத கேட்டியா? தண்ணி மாதிரி வருது. கவர்மெண்ட்ல போட்டன்னு வையி, உன்ன மாதிரி கூடதான் தூக்கும்."

"சேக்கணும்னுதான் இருக்கேன் அண்ணி. வேன் ஏழு பத்துக்கு ரோட்டுக்கு வருதாம். எங்கள நாலு மணிக்கே பாத்தியில எறக்கிடறாங்க. புள்ளய யாரு இட்டுக்கினு போயி ஏத்தறது? இங்கேர்ந்து ரோடு ஒன்றரை கிலோமீட்டரு."

"அதெல்லாம் பாத்துக்கலாம்டி. மொதல்ல சீட்ட வாங்கு."

அதெல்லாம் பாத்துக்கலாம் என்கிறவர்கள் எவரும் ஏழு பத்துக்கு ரோட்டோரம் வந்து நிற்கப் போவதில்லை. அது வைஜெயந்திக்குத் தெரியும். ஆனாலும் ஷூவை வாங்கி வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை இன்டர்வியூ. அப்பா அம்மா இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மேஸ்திரி வெங்கடாசலத்திடம் லீவு கேட்டதற்கு, "புள்ள பரிச்சைக்கிப் போவுது, நீங்க எதுக்கு ரெண்டு பேரும் ஊர்வலம்?" என்று கத்திவிட்டுத்தான் கொடுத்தார். வைஜெயந்தி முகூர்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டாள். இலக்கியாவுக்கு இரட்டைப் பின்னல், ரிப்பன், வெள்ளை சாக்ஸ். ஷூ பளபளவென்று மின்னியது. பத்து நாளாக அந்தப் பெண் ஷூவை மாட்டிக்கொண்டு வரப்பில் குதித்ததில் அது உப்புப் பூத்து வெளுத்துப் போயிருந்தது, தோல் விறைத்துக்கொண்டிருந்தது. இன்றைக்குப் பார்த்தால் புதுசு.

"பரவாயில்லயே, பாலிஷ்லாம் போட்டு வச்சிருக்க," என்றாள் புருஷனிடம்.

ஜெயசீலன் மீசையைத் தடவிக்கொண்டான்.

பிரின்சிபால் ரூமில் ஏசி ஓடியது. வெள்ளை டைல்ஸ் தரை, வெள்ளைத் துணி போர்த்திய சோபா. மேடம் சிரித்த முகம், ஐம்பது வயதிருக்கும். இலக்கியா என்ன கேட்டாலும் பட்டென்று சொன்னாள். பெயர் சொன்னாள், கலர் சொன்னாள், இருபது வரைக்கும் இங்கிலீஷில் எண்ணினாள். மேடம் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். வைஜெயந்தி அழுதுவிடுவோமோ என்று பயந்தாள்.

அப்போதுதான் மேடத்தின் பார்வை கீழே போனது. வாசலிலிருந்து சோபா வரைக்கும் டைல்ஸ் மேல் சின்னச் சின்னதாகக் கறுப்புக் காலடி. இலக்கியா கால் எட்டாமல் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்ததில் சோபாத் துணியின் கீழ்ப்பக்கம் முழுக்கக் கறுப்புத் தீற்றல். வெள்ளை சாக்ஸ் கணுக்கால் வரை கறுத்திருந்தது. ஏசிக் குளிரிலும் ஒரு மோட்டார் வாடை அடித்தது.

"என்னம்மா இது? தாரா?"

வைஜெயந்தி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயசீலன் எழுந்து நின்றான்.

"கிரீஸ் மேடம். புது கிரீஸ்தான். உப்புக் காத்துல எது இருந்தாலும் தின்னுடும் மேடம், போல்ட்டு நட்டெல்லாம் கிரீஸ் தடவித்தான் வச்சிருப்போம். ஷூவும் வெளுத்துப் போச்சி, அதான்."

மேடம் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்தார். பெல் அடித்து ஆயாம்மாவைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னார். வைஜெயந்தி அந்தத் துணியைப் பிடுங்கித் தானே துடைக்கக் குனிந்தாள். குனிந்த பிறகுதான் உறைத்தது, மறுபடியும் தரை துடைக்கிறோம் என்று.

"விடுங்கம்மா, அவங்க பாத்துப்பாங்க. குழந்தை நல்லா சொல்றா. ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டுல ஒரு சீட் இருக்கு. ஆனா ஒன்னு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. வேன் ஏழு பத்துக்கு வரும், பெரியவங்க ஒருத்தர் கையைப் பிடிச்சு ஏத்தணும், தனியா நிக்கிற குழந்தைய ஏத்த மாட்டோம். தினம் காலையில, தினம். உப்பளத்துலேர்ந்து வர்ற பிள்ளைங்க ஒரு மாசம் வர்றாங்க, அப்புறம் நின்னுடறாங்க. நான் நிறைய பாத்துட்டேன். முடியும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சொல்லுங்க."

ரோட்டுக்கு வந்ததும் வைஜெயந்தி பிடித்துக்கொண்டாள்.

"கிரீசாயா போடுவாங்க ஷூவுக்கு? உலகத்துல எவனாவது போடுவானா?"

"உப்பு புடிக்காம இருக்கத்தான் போட்டேன். பாத்தியா, ஒரு பொட்டு வெள்ளையில்ல."

"அந்தம்மா சிரிச்சுதே, அத பாத்தியா?"

"சீட்டு இருக்குதுன்னு சொன்னாங்க இல்ல? அத உடு. கிரீசப் பத்தியே பேசு."

இலக்கியா நடுவில் நின்று ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் பஸ் ஸ்டாப்பில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று சாயங்காலமே வைஜெயந்தி மேஸ்திரி வீட்டுக்குப் போனாள்.

"அண்ணா, ஆறரைக்கு என்ன விட்டீங்கன்னா புள்ளய வேன்ல ஏத்திட்டு ஏழரைக்கெல்லாம் ஓடியாந்துடுவேன். அந்த ஒரு மணி நேரத்த பதினொன்னுக்கு மேல நின்னு தூக்கிடறேன்."

வெங்கடாசலம் கெட்டவர் இல்லை. சட்டையில்லாமல் வாசலில் உட்கார்ந்து மீன் குழம்பும் சோறும் தின்றுகொண்டிருந்தார். கையை நக்கிவிட்டுச் சொன்னார்.

"பதினொன்னுக்கு மேல நீ தூக்குவ, உம்புருசன் யாரு பாத்தியில வாருவான்? வெயில் ஏறினா கால வைக்க முடியுமா? ஏம்மா, ஒனக்கு வுட்டா நாளைக்கி ராஜாங்கம் பொண்டாட்டி கேக்கும், அதுக்கப்பறம் இன்னொருத்தி. பாத்தியில எவ இருப்பா?"

"ஒரு வருசம் மட்டும் அண்ணா."

"உப்புக்கு வருசமெல்லாம் தெரியாதும்மா. மழை வந்தா கரஞ்சிடும். முடியலன்னா சொல்லிடு, மோட்டாருக்கு வேற ஜோடி பாக்கறேன்."

வேற ஜோடி என்றால் வேறு வீடு. அதை அவர் வாயால் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. வைஜெயந்தி வரப்போடு திரும்பி நடந்தாள். சூர்யகலாவுக்குப் போன் போட்டு, காலையில் மட்டும் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அண்ணி, தன் மாமனாருக்கு மூட்டு வலி என்று ஆரம்பித்தாள். வைஜெயந்தி சரிங்க அண்ணி, சரிங்க அண்ணி என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

வியாழக்கிழமை கரையேறினதும் கைகால் கழுவக்கூட இல்லாமல் அரசுப் பள்ளிக்கு நடந்தாள். ஜெயசீலன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். இரண்டு வகுப்பறை, ஒரு வேப்ப மரம். ஒரு அறையில் ஒரே ஒரு டீச்சர். பதினேழு பிள்ளைகள் ஐந்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வட்டம் ஒரு வகுப்பு. சமையல் கட்டிலிருந்து ஆண்டாளம்மா முட்டை உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அந்த டீச்சரேதான் ஹெட்மிஸ்ட்ரஸும், சத்யப்ரியா என்று பெயர். முப்பத்தைந்து வயதுக்காரி, கண்ணுக்குக் கீழே கருவளையம். பிள்ளைகள் காலையில் டிபன் சாப்பிட்ட போட்டோவை ஆபீஸ் கணக்குக்காகப் போனில் ஏற்றிக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைத்தாள்.

"உக்காருங்க. மோட்டார் வீடுதானே? உங்க பொண்ண வரப்புல பாத்தேன். நானே வரணும்னு இருந்தேன்."

வைஜெயந்தி உட்காரவில்லை. "எத்தினி டீச்சருங்க இங்க?"

"ரெண்டு போஸ்ட். ஒருத்தர டெபுடேஷன்ல வேற ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்க. இப்போதைக்கு நான்தான்."

"அஞ்சி கிளாசுக்குமா?"

"அஞ்சு கிளாசுக்கும்."

"இங்கிலீசு?"

"அதுவும் நான்தான்."

"நீங்க மீட்டிங்னு போய்ட்டா?"

டீச்சர் பேனாவை மூடித் திறந்தாள். "எட்டு மணிக்கு டிபன் இருக்குதுங்க. உங்க உப்பளத்துப் பிள்ளைங்க ஏழே முக்காலுக்குக் கும்பலா வரப்புல வந்துடுவாங்க, பெரிய பசங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. அந்தக் கவல உங்களுக்கு வேண்டாம்."

கேட்டதற்குப் பதில் இல்லை, கேட்காததற்குப் பதில் வருகிறது. வைஜெயந்திக்கு உச்சிக்கு ஏறியது.

"டீச்சர், ஒண்ணு கேட்டா கோச்சிக்காதீங்க. உங்களுக்குப் புள்ளைங்க இருக்குதா?"

"ஒரு பையன். ரெண்டாவது படிக்கிறான்."

"எங்க?"

ஜெயசீலன் பின்னாலிருந்து முந்தானையை இழுத்தான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"திண்டிவனத்துல," என்றாள் சத்யப்ரியா. "பிரைவேட்தான்."

"அப்ப எம்பொண்ணுக்கு மட்டும் இது போதும்னு சொல்றீங்க."

"நான் ஆறேகாலுக்கு பஸ் ஏறினாத்தான் எட்டு மணிக்கு இங்க நிக்க முடியும். அவன எழுப்பி வேன்ல ஏத்தறது எங்க மாமியார். கூட்டிட்டு வரலாம்னா தினம் மூணரை மணி நேரம் பஸ்சுல போயிடும்."

"அதான் காரணமா?"

"அதுவும்தான்." டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னொன்னும் இருக்குது. ஒரே ஒரு டீச்சர் இருக்கிற ஸ்கூல்ல எம்பையன நானும் சேக்க மாட்டேங்க."

ஒரு வாரமாக ஆளாளுக்கு என்னென்னவோ சொன்னார்கள். உண்மையைச் சொன்னது இவள் ஒருத்திதான் என்று வைஜெயந்திக்குப் பட்டது. அதற்காக மனசு ஆறிவிட்டதா என்றால் இல்லை, இன்னும் எரிந்தது. உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேனில் ஏற்ற ஆள் கிடைக்குமா, இல்லை இங்கே இன்னொரு டீச்சர் முளைப்பாளா?

"சேத்துக்கோங்க," என்றாள். "ஆனா நான் பதினொன்னுக்கு வேல முடிஞ்சதும் தெனம் இங்க வந்து ஒக்காருவேன். நீங்க இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறத எங்காதால கேக்கணும். வரக்கூடாதுன்னு சொல்லாதீங்க."

"வாங்க," என்றாள் சத்யப்ரியா. "யாராச்சும் வந்து கேட்டா நல்லதுதான்."

பெயர் எழுதிக்கொண்டாள். சீருடைக்கு அளவெடுத்தாள். இலவச ஷூவுக்காக இலக்கியாவின் காலை ஒரு தாள் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தாள். ஜெயசீலன் எட்டிப் பார்த்து, "தோலுங்களா ரப்பருங்களா டீச்சர்? தோலுன்னா..." என்று தொடங்கினான். வைஜெயந்தி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி போய் வகுப்பு வாசப்படியில் உட்கார்ந்தாள். சத்யப்ரியா நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். படத்தைக் காட்டிக் கதை சொல்லி, எல்லாப் பிள்ளையையும் வாய் திறக்க வைத்தாள். அதைப் பார்க்கப் பார்க்க வைஜெயந்திக்கு எரிச்சல் கூடியது. இப்படிச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவளை ஐந்து வகுப்புக்கும் கூறு போட்டு, சோறு போட்டோ எடுக்கிற வேலையையும் தலையில் கட்டியிருக்கிறார்களே. மஞ்ச வேன் ஸ்கூலுக்குப் போய் முடியாது என்று சொல்ல வேண்டிய நாளும் அதுதான். அவள் போகவில்லை. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை போனபோது தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டாளம்மா கரண்டியும் கையுமாக வாசலில் நின்றாள்.

"டீச்சர் எங்க?"

"ஆபீசுல மீட்டிங்காம் கண்ணு. காலையில டிபன் போட்டதும் போன் வந்துச்சி, ஓடுச்சி பாவம். ரெண்டு மணிக்குள்ள வந்துடுதாம். நான் ஒலைய பாப்பனா இதுங்கள பாப்பனா?"

வைஜெயந்தி உள்ளே போனாள். இலக்கியாவின் கையைப் பிடித்தாள், பையைத் தூக்கினாள், தரதரவென்று கேட் வரைக்கும் இழுத்து வந்தாள். ஒரே நாள். ஒரே ஒரு நாள்தான் ஒழுங்காக நடந்தது. அந்த இடத்திலேயே நின்று மஞ்ச வேன் ஸ்கூலுக்குப் போன் போட்டாள். யாரோ ஒரு பெண் எடுத்தாள். ஒன்றாம் வகுப்பு சீட் சனிக்கிழமையே போய்விட்டது, அடுத்த வருஷம் பாருங்கள் என்றாள். ஏழு பத்துக்கு ஏற்றிவிட ஆள் இல்லாத வேனில் சீட் இருந்தால் என்ன, போனால் என்ன? அது தெரிந்தும் அழுகை வந்தது.

"அம்மா, கை வலிக்குது," என்றாள் இலக்கியா.

போன் அடித்தது. சத்யப்ரியா.

"வைஜெயந்தி, நீங்க வந்திருப்பீங்கன்னு தெரியும். நல்லா திட்டுங்க, நான் வந்து வாங்கிக்கறேன். மீட்டிங்க விட்டு எழுந்துக்க முடியல. மேஜை டிராயர்ல இங்கிலீஷ் புக்கு இருக்கு, எட்டாவது பக்கம். ஒரு மணி நேரம் பாத்துக்கறீங்களா?"

"நான் இன்னா டீச்சரா? எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கறேன்?"

அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மைக்கில் பேசுவது மட்டும் கேட்டது. வைஜெயந்தி போனை வைத்தாள். கேட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பெண்ணை இழுத்துக்கொண்டு திரும்பி வந்து, "எல்லாம் எறங்குங்கடா!" என்று ஒரு அதட்டல் போட்டாள். பதினேழும் இறங்கி உட்கார்ந்தன. இலக்கியாவும் போய் உட்கார்ந்தாள்.

முழங்கால் வரைக்கும் காலில் உப்பு வெளுத்துக் கிடந்தது. சாக்பீஸைக் கையில் எடுத்ததும், கூடை விளிம்பு அறுத்த விரல் வெடிப்புக்குள் அதன் தூள் போய்க் காந்தியது. டிராயரிலிருந்து புத்தகத்தை எடுத்து எட்டாவது பக்கத்தைப் பிரித்தாள். ஆறு வரி, ஒரு படம். மூன்றாவது வட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றது. ராஜாங்கத்தின் மகள்.

"டீச்சர், நீங்க காலையில எங்கம்மாகூட உப்பு தூக்கினீங்கதானே?"

எல்லாம் சிரித்தன. இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தூக்குனேன். அதுக்கு இன்னா இப்போ? ஒக்காரு. புக்க எடு."

முதல் வரியை மனசுக்குள் இரண்டு தரம் படித்துப் பார்த்தாள். ரிசார்ட்டில் வராத அதே வாய்தான். பதினெட்டுப் பிள்ளைகளும் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தன. சத்தமாகப் படித்தாள். பிள்ளைகள் அதை அப்படியே, உரக்க, ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். இலக்கியாவும் தலையை நிமிர்த்திச் சொன்னாள். அது சரியா தப்பா என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.